மண்டபத்துக்கு வந்த பாதுகாப்பு ஆய்வு மையத்தின் முகாம் அலுவலகம்: போகலாமா?

தலைநகரில் அரசுப் பணத்தில் நடக்கும் ஓர் ஆய்வு மையம், கடலோர மாவட்டங்களில் முகாம் அலுவலகம் போடுகிறது. ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு திருமண மஹாலை வாடகைக்குப் பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். பெயர் வேண்டாம், மறுபடியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், நானும் போக வேண்டியிருக்கும். எங்கள் விசைப்படகு கடலுக்குப் போக வாங்கும் டோக்கன், டீசல் மானியம், காப்பீடு எல்லாக் காகிதமும் என் தலையில்தான். சம்மாட்டி (படகு முதலாளி) என்று பேர் மாமாவுக்கு, கையெழுத்து போடுவதோடு அவர் வேலை முடிந்தது.

படகுகள் கடலுக்குப் போகிற நாளாகப் பார்த்துக் கூட்டம் வைத்திருந்தார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடற்கரை முழுக்க ஆண்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு சும்மா இருப்பார்கள். அப்போது வந்திருந்தால் மஹால் கொள்ளாது. இப்போது வந்தது பெண்களும், கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர்களும்தான்.

காலை உரைகள் சுமார். ஒருவர், ஆப்பிரிக்க நாடுகளின் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் ஆப்பிரிக்க மையத்தைப் பற்றிச் சொன்னார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் 1999-இல் தொடங்கியது, தலைமையிடம் வாஷிங்டன், அடிஸ் அபாபாவிலும் டக்காரிலும் பிராந்திய அலுவலகம் வைத்திருந்ததாம். "அதே போலத்தான் நாங்களும் மக்களைத் தேடி வந்திருக்கிறோம்" என்றார். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அடிஸ் அபாபாவில்தான் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமையகமே இருக்கிறது. ஆள் கூடுகிற இடமாகப் பார்த்து அலுவலகம் போட்டிருக்கிறார்கள். இங்கே ஆள் கூடுவது ஏலக்கூடத்திலும் டோக்கன் கொடுக்கும் இடத்திலும். திருமண மஹாலுக்கு மொய் எழுதத்தான் போவோம். அந்த மையம் தன் வெளியீடுகளை ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, போர்ச்சுகீசிய மொழிகளிலும் போடுகிறது என்றும் அவரே சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் கையில் கொடுத்த புத்தகம் முழுக்க ஆங்கிலம்.

அப்புறம் ஒரு படிவம் வந்தது. சந்தேகமான படகைப் பார்த்தால் யாரிடம் சொல்வீர்கள், புது ஆள் ஊருக்குள் வந்தால் தெரியுமா என்று வரிசையாகக் கேள்விகள். சரி, நிரப்பினோம். 2008 மும்பைத் தாக்குதலுக்கு ஆட்கள் கடல் வழியாகத்தான் வந்தார்கள், கேட்பதில் தப்பில்லை. பக்கத்து வீட்டு மைனி எழுந்து, "நீங்க கேட்டதுக்கெல்லாம் சொல்லியாச்சு. இலங்கையில படகு பிடிபட்டா நாங்க யாருகிட்ட கேக்கணும்?" என்றார். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "குறித்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தது. இந்த முகாமின் பெரிய ஓட்டை இதுதான். நம்மிடம் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது, நமக்குச் சொல்ல ஆள் இல்லை.

அப்படியென்றால் ஏன் மறுபடி போவேன் என்கிறேன்? ஹாலின் கோடியில் ஒரு மேசை. கடல் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு தம்பி உட்கார்ந்திருந்தான். பாக் நீரிணைப் பக்கத்து இந்திய-இலங்கை எல்லைக்கோடு 1974 ஒப்பந்தத்தில் வந்தது, மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கோடு 1976-இல் வந்தது என்று விரல் வைத்துக் காட்டினான். ராமேஸ்வரத்திலிருந்து கச்சத்தீவு சுமார் 12 கடல் மைல்தான். அந்தத் தீவுக்கு நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் பயண ஆவணம், விசா இல்லாமல் போய்வரலாம் என்று 1974 ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது என்று வாசித்தே காட்டினான். இழுவை வலைக்கு இலங்கை 2017-இல் தடை போட்டது, எல்லை தாண்டும் படகுக்கான அபராதத்தை 2018-இல் படகின் நீளத்துக்கு ஏற்ப ஏற்றியது, இரண்டையும் மழுப்பாமல் சொன்னான். இதையெல்லாம் வீட்டில் ஆண்கள் சண்டை போடும்போது துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன், வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தது இங்கேதான். கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் முன்பு வலை போட்ட பாடு எல்லாம் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே இருந்தார். அவரை நகர்த்தவே முடியவில்லை.

படகு இருக்கும் இடத்தைக் கரைக்குச் சொல்லும் டிரான்ஸ்பாண்டரையும் அவன்தான் விளக்கினான். இஸ்ரோ தொழில்நுட்பம், டவர் கிடைக்காத இடத்திலும் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் போகும். எங்கள் படகில் இருக்கும் கருவிக்கு மேலே துணி காயப்போடுகிறார்கள் என்றேன். சிரிக்கவில்லை, "மேலே எதுவும் மறைக்கக் கூடாது அக்கா" என்றான். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, கரையோரப் பாதுகாப்புக்கு 1093, வி.எச்.எஃப். ரேடியோ செட் இருந்தால் சேனல் 16. இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சடித்து ஒட்டுத்தாளாகக் கொடுத்தார்கள். அந்த வழவழப்பான ஆங்கிலப் புத்தகத்தைவிட இதற்குத்தான் காசு செலவழித்திருக்க வேண்டும். வீல்ஹவுசில் (படகை ஓட்டும் அறை) ஒட்டியாயிற்று.

மதியச் சாப்பாடு சாம்பார் சாதம். மண்டபத்துக்கு வந்து மீன் இல்லாமல் பந்தி போட்டவர்களை அன்றுதான் பார்த்தேன்.

கட்டணம் இல்லை. போகிறவர்கள் உரைகளை விட்டுவிட்டுப் பதினோரு மணிக்கு மேல் நேராக அந்தக் கோடி மேசைக்குப் போங்கள். முடிந்தால் படகோட்டியையும் இழுத்துக்கொண்டு போங்கள். நம்மிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்காது, அந்தத் தம்பியிடம் கேட்பார்.