8/100 பூஜ்யம்: ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் இலவச ஜாவா கோர்ஸ்

நான் ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். 2005ல் பி.காம். சி.ஏ. முடித்தேன். சி.ஏ. என்றதும் ஆடிட்டர் படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள், அது கம்ப்யூட்டர் அப்ளிகேஷன். அதில் ஜாவா என்ற புரோகிராமிங் மொழியும் ஒரு பேப்பர். சீனியர் அக்காவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் புரோகிராமையும் எழுதி, ஓடாத புரோகிராமுக்கு அவுட்புட்டையும் பேனாவாலேயே எழுதினோம். ஆப்லெட்டில் (இணையப் பக்கத்துக்குள் ஓடும் சின்ன ஜாவா புரோகிராம்) சிரிக்கிற முகம் வரையும் புரோகிராம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஆப்லெட்டையே 2017ல் ஜாவா 9 வந்தபோது கைவிடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள் என்பது வேறு கதை. பேப்பரில் 78 மார்க். ஆனால் நானாக யோசித்து ஒரு புரோகிராம் எழுதி அது ஓடிப் பார்த்ததில்லை.

அந்தக் குறை இருபது வருஷம் கழித்து, பின்லாந்தில் இருக்கிற ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் தயவில் தீர்ந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் படித்த அதே இடம். அங்கே முதலாமாண்டு மாணவர்களுக்கென்று உருவாக்கிய ஜாவா பாடத்தை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். ஜாவா புரோகிராமிங் ஒன்று, இரண்டு என்று இரண்டு கோர்ஸ், தலா ஏழு பகுதி, மொத்தம் பதினான்கு. மெயில் ஐடி கொடுத்துப் பதிந்தால் போதும். ஒரு பைசா கேட்கவில்லை.

வீடியோவை ஓடவிட்டுக் காய் நறுக்கலாம் என்று வருகிறவர்களுக்கு இது சரிப்படாது. எல்லாம் படிக்கிற பாடம். அரைப்பக்கம் விளக்கம், உடனே ஒரு பயிற்சி, மறுபடி அரைப்பக்கம், மறுபடி பயிற்சி. டிஎம்சி என்று ஒரு கருவி பயிற்சிகளை நம் கம்ப்யூட்டருக்கே இறக்கிக் கொடுக்கும். எழுதி முடித்துச் சோதனை பட்டனை அழுத்தினால் சரியா தப்பா என்று அந்த நொடியே சொல்லிவிடும். கண்டிப்பான வாத்தியார். அவர்கள் கேட்ட வாக்கியத்தில் ஆச்சரியக்குறி இருந்து நாம் போடாமல் விட்டால் தப்புதான். ஆபீஸில் ஒரு ரூபாய் டேலி ஆகாமல் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்த எனக்கு இது புதுசில்லை.

முதல் பகுதியின் கடைசியில் பரிசு வரி என்று ஒரு பயிற்சி வருகிறது. பின்லாந்தின் வரிப்பட்டியலைக் கொடுத்துவிட்டு, பரிசின் மதிப்பைக் கேட்டு வரியைச் சொல்லும் புரோகிராம் எழுதச் சொல்கிறார்கள். 5,000 யூரோவிலிருந்து அடிப்படை வரி 100, அதற்கு மேலே போகிற தொகைக்கு 8 சதவீதம். 25,000 தாண்டினால் 1,700, மேல்தொகைக்கு 10 சதவீதம். இப்படியே ஏறிக்கொண்டு போகும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஸ்லாப் கணக்குத்தான் என் சோறு. (நம் ஊரில் பரிசு வரிச் சட்டம் 1998லேயே போய்விட்டது. உறவில்லாதவர்கள் கொடுத்தது வருஷத்துக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் வாங்கியவர் வருமானத்தில் சேரும். கல்யாண மொய்க்கு வரி இல்லை, பயப்பட வேண்டாம்.)

ஐந்து நிமிஷத்தில் எழுதிவிட்டு 6,000 கொடுத்தேன். 180 வரவேண்டும், மனக்கணக்கிலேயே தெரியும். 100 என்று வந்தது. 20,000 கொடுத்தேன். அதற்கும் 100. மேல்தொகைக்கு வரியே போடவில்லை. 'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று சொல்லும் இஃப், எல்ஸ் இஃப் எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன், மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. நான் எழுதியிருந்தது இதுதான்: மேல்தொகையை அடைப்புக்குள் இருக்கிற 8/100 ஆல் பெருக்கு. ஜாவாவில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்தான், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிடும். அதனால் 8/100 என்றால் பூஜ்யம். அதால் எதைப் பெருக்கினால் என்ன? அடைப்பை எடுத்துவிட்டு முதலில் 8 ஆல் பெருக்கி அப்புறம் 100 ஆல் வகுத்தால் 180 வந்தது. ஆனால் 5,010 கொடுத்தால் 100.80க்குப் பதிலாக 100 வந்து எண்பது சென்ட் காணாமல் போனது. கடைசியில் 0.08 என்று போட்டதும்தான் கணக்கு உட்கார்ந்தது. இத்தனைக்கும் முழு எண் வகுத்தலைப் பற்றி அதே பகுதியில் முன்னாலேயே விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் 'இது தெரிந்ததுதானே' என்று தாண்டிப் போயிருந்தேன்.

பயிற்சி தேறியதும் அவர்களுடைய மாதிரி விடையைத் திறந்து பார்க்கலாம். எனக்கு இந்தக் கோர்ஸில் ரொம்பப் பிடித்தது அதுதான். நான் சுற்றிச் சுற்றி எழுதியதை அவர்கள் அதில் பாதி வரிகளிலேயே முடித்திருப்பார்கள். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், அடுத்த பயிற்சியில் கை தானாகத் திருந்திக்கொள்ளும்.

மூன்றாம் பகுதியில் பல மதிப்புகளை ஒரே பட்டியலில் வைக்கும் அரேலிஸ்ட் வரை வண்டி சீராக ஓடியது. நான்காவதில் ஆப்ஜெக்ட் (ஒன்றைப் பற்றிய விவரங்களையும் அதன் வேலைகளையும் சேர்த்துக் கட்டிய பொட்டலம்) வந்ததும் வேகம் பாதியானது. அந்த ஆப்ஜெக்டைப் புதிதாக உருவாக்கும்போது ஓடுகிற கன்ஸ்ட்ரக்டர் என்றால் என்ன என்று மூன்று ராத்திரி ஒரே பக்கத்தைப் படித்தேன். கடைசியில் எனக்குப் புரிந்தது பாடத்தால் அல்ல, எங்கள் ஆபீஸ் ஃபைலால்: புது கிளையன்ட் வந்தால் அட்டையில் பெயர், பான் நம்பர் எழுதித்தானே ஃபைலையே திறக்கிறோம், அதுதான் கன்ஸ்ட்ரக்டர். பாடம் ஆங்கிலத்தில், பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் தீர்க்க ஆளில்லை. தனியாகப் படிக்கிறவர்கள் தினமும் ஒரு மணி நேரமாவது கொடுக்க வேண்டும். நான் பத்து நாள் விட்டுவிட்டுத் திரும்பியபோது எழுதியதே வேறு யாரோ எழுதியது மாதிரி இருந்தது.

கல்லூரியில் படிக்கிற என் மகன், "பைத்தான் கத்துக்கோம்மா, இப்ப யாரு ஜாவாவுல ஆரம்பிக்கிறா" என்கிறான். பைத்தான் இன்னொரு புரோகிராமிங் மொழி. அதே ஹெல்சிங்கி அதற்கும் ஒரு கோர்ஸ் போட்டிருக்கிறது, அதுவும் இலவசம், அவன் வேண்டுமானால் அதில் சேரட்டும். பதினான்காவது பகுதியில் அஸ்டெராய்ட்ஸ் என்ற பழைய வீடியோ விளையாட்டை நாமே எழுதலாம் என்கிறார்கள். நான் ஒன்பதில் நிற்கிறேன். கணக்கு வருஷம் முடிகிற மார்ச் 31 வரைக்கும் ஆபீஸ் வேலையைத் தவிர வேறு எதற்கும் லேப்டாப்பைத் திறக்க முடியாது.