அம்மாவின் பையில் ஆறு ஆண்டுகள்: ஒரு தமிழ்ப் புற்றுநோய்க் கையேடு

செங்கோட்டையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அதிகாலையில் புறப்படும் பஸ்ஸில் நோயாளிகள் யார் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். மடியில் ஸ்கேன் உறை இருக்கும். அதை மடங்காமல் இரண்டு கைகளாலும் பிடித்திருப்பார்கள். 2018 டிசம்பரில் அம்மாவும் நானும் அந்த பஸ்ஸில் ஏறத் தொடங்கினோம். அம்மா முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். மார்பில் கட்டி என்று கண்டுபிடித்த மறு வாரமே அறுவை சிகிச்சை நடந்தது.

மூன்றாம் நாள் வார்டுக்கு வந்த தன்னார்வலர் அக்கா ஒருவர், நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டுவிட்டுத் தன் பையைத் துழாவி, புற்றுநோய் பற்றிய ஒரு தமிழ்க் கையேட்டை எடுத்துக் கொடுத்தார். அறுபது பக்கம் இருக்கும். அதை வாங்கிப் பைக்குள் வைத்தோம். இரண்டு மாதம் திறக்கவே இல்லை. அதற்கான விலையைப் பிறகு கொடுத்தோம்.

எங்கள் ஊர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. மலையாளம் எங்களுக்கு அந்நியமில்லை. பாதி புரியும், மீதியை ஊகித்துக்கொள்வோம். புற்றுநோய் வார்டில் அந்த ஊகம்தான் எங்களுக்கு எமனாக வந்தது. தெரியாத மொழி என்றால் "புரியவில்லை" என்று சொல்லித் திருப்பிக் கேட்டிருப்போம். தெரிந்த மொழி போல ஒலித்ததால் தலையாட்டிவிட்டு வந்தோம்.

முதல் நாளே அது தொடங்கியது. மலையாளத்தில் புற்றுநோய்க்கு 'அர்புதம்' என்று பெயர். அந்தச் சொல் அம்மாவின் காதில் 'அற்புதம்' என்று விழுந்தது. நல்ல செய்தி என்று நினைத்து, டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்த டாக்டரின் முகம் போன போக்கை நான் இன்றும் மறக்கவில்லை. பிறகு ஒரு நாள் நர்ஸ், "தூக்கம் குறைந்தோ?" என்று கேட்டார். அம்மா, "ரொம்பக் குறைந்துவிட்டது, விடிய விடிய விழித்துத்தான் கிடக்கிறேன்" என்றார். மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. கீமோ மருந்தின் அளவை உயரமும் எடையும் பார்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். நல்லவேளையாக, கேள்வியோடு நிறுத்தாமல் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தார்கள்.

மூன்றாவது சொல்லுக்குத்தான் விலை கொடுத்தோம். இரண்டாவது கீமோ முடிந்து கிளம்பும்போது, "பனி வந்நால் உடனே வரணம்" என்றார்கள். கையில் கொடுத்த தாளிலும் மலையாளத்தில் அதையே எழுதியிருந்தார்கள். அது பிப்ரவரி மாதம். புளியரைப் பக்கம் விடியற்காலையில் மலை தெரியாத அளவுக்குப் பனி இறங்கும். அம்மா காதில் துணி கட்டினார், ஜன்னல்களை அடைத்தார், வெயில் ஏறும் வரை வாசலுக்கே வரவில்லை. பனி படக் கூடாது என்று அவருக்குப் புரிந்திருந்தது. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பத்தாம் நாள் இரவு உண்மையான காய்ச்சல் வந்தபோது, கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு எங்களிடம் சொல்லாமலே படுத்துவிட்டார்.

அது எனக்குத் தெரியவந்த அன்று இரவுதான் கையேட்டைத் திறந்தேன். இருபத்திரண்டாம் பக்கம். கீமோ ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். உடல் வெப்பம் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் மாத்திரை போட்டு வெப்பத்தை மறைக்கக் கூடாது. அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். எளிய தமிழில் எட்டு வரி. பக்கத்து வீட்டில் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துப் பார்த்தோம், 102. நான்கு நாள் நரம்பு வழியாக மருந்து ஏறிய பிறகு அம்மா எழுந்து உட்கார்ந்தார். அந்த எட்டு வரிக்காக மட்டுமே இந்தக் கையேட்டை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

அதன் பிறகு நாள்தோறும் இரவு அம்மாவுக்கு ஒரு பக்கம் வாசித்தேன். அப்போதுதான் அதன் குறைகளும் தெரிந்தன. ஜூலையில் சாரல் பிடித்த நேரத்தில் கதிர்வீச்சு தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அதைக் 'கரண்ட் வைப்பது' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஷாக் அடிக்கும் என்று அம்மா இரண்டு இரவு அழுதார். கையேட்டில் 'நேரியல் முடுக்கி வழியான வெளிப்புறக் கதிரியக்கச் சிகிச்சை' என்று இருந்தது. கரண்ட் என்ற சொல் எங்குமே இல்லை. எழுதியவர் தமிழைக் காப்பாற்ற நினைத்திருக்கிறார்; அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நோயாளி வாயில் இருக்கும் சொல்லை ஒரு முறையாவது பக்கத்தில் வைத்து, "இது மின்சாரம் அல்ல, வலிக்காது, சில நிமிடங்களில் முடிந்துவிடும்" என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு இரவுகள் மிச்சமாகியிருக்கும். அதே அத்தியாயத்தில் இருந்த ஒரு வரி மட்டும் எங்கள் வீட்டையே மாற்றியது: வெளியிலிருந்து கதிர்வீச்சு பெறுகிறவர் உடம்பில் கதிர் தங்காது, குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். அதைக் கேட்கும் வரை அம்மா பேரனைத் தொடாமல் ஒதுங்கியே இருந்தார்.

கைப்பயிற்சிப் பக்கம் மிகச் சிறப்பு. அக்குளில் நெறிகட்டிகளை எடுத்த பிறகு அந்தக் கை வீங்காமலும் தோள் இறுகாமலும் இருக்க, சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சி படத்தோடு இருந்தது. அம்மா தொட்ட உயரத்தை நாள்தோறும் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். அந்தக் கோடுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன. பீடித் தட்டை மறுபடி மடியில் வைத்தது அந்தக் கையால்தான். உணவுப் பக்கத்தை விட்டுவிடலாம். ப்ராக்கோலியும் ஸ்ட்ராபெரியும் எங்கள் வாரச் சந்தையில் கிடைப்பதில்லை. வாய்ப்புண்ணோடு எங்கள் அம்மாக்கள் குடிக்கக்கூடிய கஞ்சியும் சொதியும் அதில் இல்லை.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் சீனம், கொரியம், வியட்நாமியம் போன்ற ஆசிய மொழிகளில் நோயாளிகளுக்கான தகவல்களைத் தருகிறது. தமிழகத்திலோ, முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் தொடங்கிய காலம் முதலே இந்த நோயைப் பற்றித் தமிழில் பேசியாக வேண்டிய தேவை இருந்துவருகிறது. எங்களுக்கு வேண்டியது இன்னும் ஒரு படி மேலே: இரண்டு மொழிக்கு நடுவில் படுத்திருக்கும் நோயாளிக்கான தமிழ். பனி, தூக்கம், அர்புதம், சர்தி என்றால் வாந்தி, கரள் என்றால் கல்லீரல். இப்படி ஒரு பக்கம் போதும். அச்சிட்டவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. நானே எழுதி முன்னட்டையின் உட்புறத்தில் ஒட்டினேன். பிறகு, கரண்ட் என்ற சொல்லையும் சேர்த்து, காய்ச்சல் பக்கத்தையும் கதிர்வீச்சுப் பக்கத்தையும் எங்கள் ஊர்ப் பேச்சில் போனில் பதிவு செய்தேன். படித்ததைவிடக் கேட்டதுதான் அம்மாவிடம் நின்றது. பஸ்ஸில் பழக்கமான மூன்று பெண்களின் போனிலும் அந்தப் பதிவு இருக்கிறது.

கையேட்டின் பெரிய குறை இரண்டாம் ஆண்டில்தான் தெரிந்தது. கதிர்வீச்சு முடிந்ததும் புத்தகமும் முடிந்துவிடுகிறது. நோய் திரும்பாமல் இருக்க, அம்மாவுக்கு அதன் பிறகு நாள்தோறும் ஒரு லெட்ரோசோல் மாத்திரை, ஐந்து ஆண்டுக்கு. அது மூட்டு வலியைத் தரும் என்பது எங்களுக்குத் தெரியாது. 2020 ஊரடங்கில் எல்லை அடைக்கப்பட்டு பஸ் நின்றபோது, வாதம் வந்துவிட்டது என்று நினைத்து அம்மா மாத்திரையை நிறுத்தினார். நோய் போய்விட்டதே, மாத்திரை எதற்கு என்ற எண்ணமும் இருந்தது. எட்டு மாதம் கழித்துத்தான் டாக்டர் அதைக் கண்டுபிடித்தார். வலிக்கு வழி இருந்தது, எலும்புக்குக் கால்சியம் இருந்தது, மாற்று மாத்திரையும் இருந்தது. கேட்கலாம் என்று எங்களுக்குச் சொல்ல ஒரு பக்கம்தான் இல்லை.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு சித்திக்கு முதல் கீமோ. அம்மா தன் கையேட்டையே கொடுத்தனுப்பினார். கொடுப்பதற்கு முன், கடைசியில் காலியாக இருந்த தாளில் அந்த மாத்திரையைப் பற்றி என்னை எழுதச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: முழங்கால் வலிக்கும், நிறுத்தாதே, டாக்டரிடம் சொல்.