மணமாகாதவளிடமும் கேட்டார்கள்: பெண்கள் நல ஆய்வொன்றுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை

கடைகளுக்கும் சாப்பாட்டுக்கும் மதிப்பெண் போடும் நாம் நம்மிடமே கேள்வி கேட்க வருபவர்களுக்கு ஏன் போடக்கூடாது? திருகோணமலை நகரில் ஒரு பல்கலைக்கழகக் குழு 35 முதல் 49 வயது வரையான பெண்களின் பாலியல், இனப்பெருக்க நலம் பற்றி ஆய்வு நடத்துகிறது. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் குழுவின் பெயரை எழுதவில்லை. எனக்கு வயது 41. மணமாகவில்லை. ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்த மூன்றும் கீழே வரும் அபிப்பிராயங்களுக்குத் தேவையான தகவல்கள்.

நான் போனதற்குக் காரணம், அழைப்புத் தாளில் ‘மணமானவராக இருத்தல் வேண்டும்’ என்ற வரி இல்லாததுதான். நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வுகள் போர்க்காலத்தில் 1993இலும் 2000இலும் நடந்தபோது வடக்கையும் கிழக்கையும் சேர்க்கவில்லை. 2016இல்தான் 25 மாவட்டங்களுக்கும் வந்தார்கள். அப்போதும் இனப்பெருக்க நலம் பற்றிய கேள்விகள் 15 முதல் 49 வயது வரையான, ஒருமுறையேனும் மணம் முடித்த பெண்களுக்கே உரியவையாக இருந்தன. மாவட்டம் உள்ளே போனது. நான் வாசலிலேயே நின்றேன்.

எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர், அதாவது வீடு வீடாக வரும் மருத்துவமாது, நல்லவர். தம்பியின் மனைவி கர்ப்பமாக இருந்தபோது படலையில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வருவார், நான் ஊற்றிக் கொடுக்கும் தேநீரைக் குடிப்பார், என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய பதிவேட்டில் குடும்பங்களுக்குத்தான் பக்கம் இருக்கிறது. நான் சாமத்தியப்பட்டபோது பந்தல் போட்டு, கேக் வெட்டி, படம் பிடித்து ஊருக்கெல்லாம் அறிவித்த வீடுதான் எங்கள் வீடும். அதற்குப் பிறகு அந்த உடம்பு பற்றிய அடுத்த பேச்சு மணவறையில்தான் தொடங்க வேண்டும் என்பது வழக்கம். அங்கே போகாதவளிடம் யார் என்ன பேசுவது?

இடம் உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு கட்டடத்தின் மேல்மாடி. மின்விசிறி ஓடியது, கழிப்பறை சுத்தமாக இருந்தது, தேநீரில் சீனி கூடிவிட்டது. அவ்வளவு போதும்.

சம்மதம் வாங்கிய விதத்துக்கு முழு மதிப்பெண். ஓர் இளம் பெண் தனியறையில், கதவைச் சாத்திவிட்டு, தகவல் தாளை வரி வரியாக வாசித்தார். நான்கு பக்கம். வெளியே காத்திருந்த ஒருவர் “இது என்ன, காணி உறுதியா?” என்று அலுத்துக்கொண்டார். எனக்கு அலுக்கவில்லை. 1956இல் போர்ட்டோ ரிக்கோவில் கருத்தடை மாத்திரையைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். அது பரீட்சைக் கட்டத்தில் இருந்த மருந்து என்பதே அதை விழுங்கிய பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. இன்று பார்மசியில் வாங்கும் மாத்திரையைவிடப் பல மடங்கு ஹோர்மோன் அதில் இருந்தது. தலைசுற்று, வாந்தி என்று அவர்கள் சொன்னதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்களுக்குக் கிடைக்காத நான்கு பக்கம் எனக்குக் கிடைக்கும்போது வாசிக்காமல் விடுவேனா? எந்தக் கேள்வியையும் தாண்டலாம், எந்த நேரத்திலும் எழுந்து போகலாம், போனாலும் கிளினிக்கில் கிடைக்கும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இராது என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஒழுக்கவியல் குழுவின் அனுமதி இலக்கமும் தொலைபேசி எண்ணும் நான்காம் பக்கத்தில்.

பிறகு அந்தப் பெண் சொன்னது என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. “அக்கா, கையொப்பம் போடலாம், அல்லது வாயால் சம்மதம் சொல்லலாம். வாயால் சொன்னால் உங்கள் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.” ஏன் இந்த ஏற்பாடு என்று பலர் யோசித்திருக்கமாட்டார்கள். கேள்விகளில் ஒன்று கருக்கலைப்பு பற்றியது. நம் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 303ஆம் பிரிவு இன்னும் நடப்பில் இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பதற்கு அன்றி வேறெந்தக் காரணத்துக்கும் அது இடம் தரவில்லை. அப்படியொரு கேள்வியைக் கேட்பவர்கள், கேட்கப்படுபவளின் பெயர் பதிந்த ஒரே தாளாகச் சம்மதப் படிவமே இருந்துவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். நான் வாயால் சொன்னேன்.

தாளின் தலைப்பும் வெறுமனே ‘பெண்கள் நலம்’ என்றுதான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனால் அலுமாரிக்குப் பின்னால் ஒளிக்க வேண்டிய தலைப்பில்லை. வீட்டு வன்முறை பற்றி ஆய்வு செய்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2001இல் தந்த வழிகாட்டல் இத்தகைய எச்சரிக்கைகளைத்தான் வலியுறுத்துகிறது. இவர்கள் அதைப் படித்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

கேள்விகளை மனிதர் கேட்கவில்லை. டேப்லெட்டும் காதொலிக் கருவியும் தந்துவிட்டு அந்தப் பெண் அறையின் மறுமூலைக்குப் போய் முதுகைக் காட்டி அமர்ந்துகொண்டார். காதுக்குள் ஒரு பெண் குரல் கேட்கிறது, நாம் திரையைத் தொடுகிறோம். யாழ்ப்பாணத்துக் குரல். திருகோணமலைக்காரிக்கு அதுவே பெரிய ஆறுதல். பக்கத்து வீட்டு அக்கா கேட்பது போல் இருந்திருந்தால் பாதிக் கேள்விகளுக்குப் பொய்தான் வந்திருக்கும். ‘பதிலளிக்க விரும்பவில்லை’ என்ற பொத்தானும் மற்றவற்றின் அதே அளவில் இருந்தது, மூலையில் ஒளித்து வைக்கப்படவில்லை. ஒரேயொரு முறைப்பாடு: மாதவிடாய் வலிக்கு என்ன செய்வீர்கள் என்ற கேள்வியின் தெரிவுகளில் ‘ஒன்றும் செய்யாமல் வேலைக்குப் போவேன்’ என்பது இல்லை. எங்கள் கடைவீதியில் அதுதான் எல்லாரும் செய்வது.

அடுத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி பரிசோதனை. எச்பிவி என்பது அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ். விருப்பமானவர்கள் தாங்களே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 வீதத்துக்குக் காரணம் வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகள். தம்பியின் மூத்த மகள் தரம் ஆறில் பாடசாலையிலேயே தடுப்பூசி போட்டுக்கொண்டாள். 2017இல் தொடங்கிய அந்தத் திட்டம் என் தலைமுறைக்குப் பிந்தியது. எங்களுக்கு, நோய் வருமுன் பெண்களைப் பரிசோதிக்கும் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது. 1996இலிருந்து நடக்கிறது, 35 வயதிலும் 45 வயதிலும் வரச் சொல்கிறார்கள். ஆனால் மணமாகாதவள் அந்த வாங்கில் உட்கார்ந்தால், எழும்புவதற்கு முன் கதை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

இங்கே தாதி எல்லாரிடமும் ஒரே வாசகத்தைச் சொன்னார். பாலியல் உறவு எதுவும் இருந்திராவிட்டால் இந்தப் பரிசோதனை தேவைப்படாது. இருந்திருந்தால் எடுப்பது நல்லது. எடுப்பதா விடுவதா என்பது உங்கள் முடிவு, காரணம் சொல்ல வேண்டாம். எல்லார் கையிலும் ஒரே மாதிரியான மூடிய பை. உள்ளே சிறு தூரிகை, குழாய், படம் போட்ட விளக்கம். கழிப்பறைக்குப் போய்த் திரும்பி வந்து, மாதிரி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அதே பையை அதே பெட்டிக்குள் போட வேண்டும். எடுத்தவர் யார், எடுக்காதவர் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. முடிவு வேண்டியவர் இரகசிய இலக்கத்தைச் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டைச் சிந்தித்தவரின் கையைக் குலுக்க வேண்டும் போல் இருந்தது. நான் எடுத்தேனா என்பதை இங்கேயும் சொல்வதாக இல்லை.

இத்தனை கவனமும் காசு கொடுத்த மேசையில் கவிழ்ந்தது. போக்குவரத்துச் செலவுக்கு 1,500 ரூபா. அதற்குக் கையொப்பம் வாங்கினார்கள், ஒரே நீண்ட தாளில்: பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், ஒப்பம். மேலே ஆய்வின் முழுப் பெயர், பாலியல் என்ற சொல்லோடு, தடித்த எழுத்தில். எனக்கு முன் வந்த எல்லாரும் வரிசையாக அதில் இருந்தார்கள். எங்கள் கடைக்குச் சீமெந்து வாங்க வரும் ஒருவரின் மனைவியும் இருந்தார். வாயால் சம்மதம் சொல்லிப் பெயரை மறைத்து என்ன பயன், இங்கே தேசிய அடையாள அட்டை இலக்கத்தோடு எழுதிவிட்டுப் போவதென்றால்?

மேசையில் இருந்த தம்பி “கணக்காய்வுக்கு இப்படித்தான் வேண்டும் அக்கா” என்றார். கணக்காய்வைப் பற்றி என்னிடமா! ஒப்பமும் இலக்கமும் கேட்பார்கள், உண்மை. எல்லாவற்றையும் ஒரே தாளில், அடுத்து வருபவள் வாசிக்கும்படி வைக்கச் சொல்லி எந்தக் கணக்காய்வாளரும் கேட்கமாட்டார். ஆளுக்கொரு இலக்கமிட்ட பற்றுச்சீட்டு, ஒரு கடித உறை, ஒரு பூட்டு. எனக்குத் தனிச்சீட்டு எழுதித் தந்தார்கள். எனக்கு முன்னால் ஒப்பமிட்டவர்களின் தாள் அதே மேசையில், விசிறிக் காற்றில் படபடத்துக்கொண்டு கிடந்தது.

பிற்பகல் குழுக் கலந்துரையாடல் சுமார்தான். வயதைப் பார்த்துப் பிரித்தவர்கள் உறவைப் பார்த்துப் பிரிக்கவில்லை. கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவர் கடைசி வரை வாய் திறக்கவில்லை. படியிறங்கும்போது, “மச்சாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதைக் கதைப்பது பிள்ளை?” என்றார். இங்கே பேசியதை வெளியே சொல்லாதீர்கள் என்று தொடக்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொள்ளத்தான் முடியும்.

ஆய்வின் முடிவுகளை எங்களுக்குச் சொல்வீர்களா என்று கேட்டேன். அறிக்கை வெளியாகும் என்றார்கள். தமிழில் சுருக்கமாகத் தந்தால் குடும்பநல உத்தியோகத்தர்கள் வழியே வீடுகளுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். குறித்துக்கொண்டார்கள், உறுதி தரவில்லை. அதற்கும் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன்.

இன்னும் ஆட்களைச் சேர்க்கிறார்கள். தெரிந்தவர்கள் கேட்டால் போகச் சொல்கிறேன். மூதூர், கிண்ணியாப் பக்கமிருந்து வருபவர்கள் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், பிற்பகலில் தொடங்கினால் இருட்டுகிறது. கலந்துரையாடலுக்கு இருப்பது கட்டாயமில்லை. சொந்தக்காரரைக் கண்டால் டேப்லெட்டோடு முடித்துக்கொண்டு வந்துவிடலாம், அந்த 1,500 ரூபா அப்போதும் கிடைக்கும். தனிச்சீட்டு கேளுங்கள்.