ஏர்பேக் விளக்கு எரிகிறதா? 38,500 ரூபாய் கொடுத்து நான் ஏமாந்ததைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள்

நேற்று சாயங்காலம்தான் உண்மை தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. 38,500 ரூபாய், தோப்பில் இரண்டு தடவை தேங்காய் வெட்டி விற்று வந்த காசு. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம். கார் 2020 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, ஆறு ஏர்பேக். சாவி போட்டதும் மீட்டரில் அந்த ஏர்பேக் விளக்கு சில விநாடி எரிந்து அணைய வேண்டும். ஏர்பேக்குகளை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிற நேரம் அது. போன மாதம் ஒருநாள் அணையவே இல்லை. அப்படி எரிந்துகொண்டே இருந்தால், அடிபடும்போது ஏர்பேக் விரியாமல் போகலாம் என்பது எனக்குத் தெரியும். பாலக்காட்டுக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். நடுவில் அம்மாவைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். சரி என்று எல்லை தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கத்தில் எல்லாக் கம்பெனிக் காரையும் பார்க்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன்.

நம்பியது எந்த இடத்தில் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பெரிய டேப்லெட் மாதிரி ஒரு ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே மாட்டினார்கள். திரையில் சிவப்பில் ஒரு வரி வந்தது. ஓனர் பக்கத்தில் வந்து, "ஸ்கேனுக்குக் காசு வேண்டாங்ண்ணா, சும்மா பார்க்கறதுதானே" என்றார். அம்மாவுக்கு நாற்காலி போட்டு, சர்க்கரை இல்லாமல் டீ வரவழைத்தார். அப்புறம் முன் சீட்டில் உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்தார். "கன்ட்ரோல் யூனிட் போயிருச்சுங்ண்ணா. பாப்பா முன்னாடி உக்காந்து வர்றா. ஒண்ணு ஆச்சுன்னா ஒரு பலூன்கூட விரியாது. நான் வேற என்னத்தைச் சொல்ல?"

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. பெண்ணைக் காட்டிப் பேசினால் எந்த அப்பன் விலை பேசுவான்?

யூனிட், கோடிங், கூலி எல்லாம் சேர்த்து 38,500. பில் போட்டால் ஜிஎஸ்டியோடு 45,000 தாண்டும் என்றார். பில் வேண்டாம் என்றேன். 30,000 போனில் அனுப்பினேன், 8,500 கையில் கொடுத்தேன். மறுநாள் வண்டி வந்தது, விளக்கு அணைந்திருந்தது. பழைய யூனிட்டைக் கேட்டதற்கு, "அதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பிடுவோம்" என்றார்கள்.

நான்காம் நாள் நாட்டுக்கல் தாண்டி ஒரு வேகத்தடை ஏறி இறங்கினேன். விளக்கு மறுபடி எரிந்தது.

அதன்பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். முதல் போனில் "கொண்டு வாங்கண்ணா, பாத்துக்கலாம்". போனால் டெக்னீஷியன் லீவு. இரண்டாம் தடவை இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, "இது வேற ஃபால்ட், சென்சார், தனியா 9,000 ஆகும்" என்றார்கள். மூன்றாம் தடவை 'அண்ணா' போய் 'சார்' வந்துவிட்டது. "சீட்டுக்கு அடியில நீங்கதான் எதையோ உருட்டி விட்டிருப்பீங்க சார்." சரி, கொடுத்த 38,500க்கு ஒரு ரசீதாவது கொடுங்கள் என்றேன். "கேரளா வண்டி சார், அங்க போய்க் கேளுங்க." இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

நேற்று எங்கள் பக்கத்துச் சித்தூரில் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். சின்னக் கடை. முதலில் அவர் கேட்டது, "சமீபத்தில் சீட்டைக் கழற்றினீர்களா?" அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளக்கு எரிவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் புது சீட் கவர் போட்டேன். அவர் ஸ்கேன் செய்தார். டிரைவர் சீட்டுக்குள் இருக்கும் சைடு ஏர்பேக்கின் சர்க்யூட்டில் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) அதிகம் என்று வந்தது. கன்ட்ரோல் யூனிட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் யாரையும் தொட விடவில்லை. கழற்றினாலும் உள்ளே கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் சார்ஜ் நிற்குமாம். கடைப் பையன் வயரைச் சோதிக்க மல்டிமீட்டரை எடுத்தபோது கையைத் தட்டிவிட்டார். அந்த மீட்டரிலிருந்து போகும் சின்னக் கரண்டே ஏர்பேக்கை வெடிக்க வைத்துவிடலாம். தொழில் தெரிந்தவர்கள் ஏர்பேக்கைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் இரண்டு மூன்று ஓம் ரெசிஸ்டரை மாட்டித்தான் வயரைச் சோதிப்பார்களாம்.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் ஒன்று இருக்கிறது. ஏர்பேக் வயர் என்று தெரியத்தான் அந்த மஞ்சள். அது பாதிதான் மாட்டியிருந்தது, லாக் விழவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுவிட்டு வந்திருக்கிறது. யூனிட்டில் பதிவான பிழைக் குறியீட்டை (ஃபால்ட் கோட்) ஸ்கேனரில் அழித்தால் விளக்கு அணையும், அடுத்த குலுக்கலில் மறுபடி எரியும். சுத்தம் செய்து, 'டிக்' என்று சத்தம் வர மாட்டினார். கூலி 300 ரூபாய்.

கியருக்கு அடியில் மூடியைத் திறந்து கன்ட்ரோல் யூனிட்டையும் காட்டினார். போல்ட் மேல் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. வருஷக்கணக்கான தூசி அப்படியே இருந்தது. "இது ஆரும் தொட்டிட்டில்ல, சேட்டா" (இதை யாரும் தொடவே இல்லை, அண்ணா) என்றார். 38,500 ரூபாய்க்கு ஒரு பாகமும் மாற்றவில்லை! பிழைக் குறியீட்டை மட்டும் அழித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த நான்கு நாளும் ஏர்பேக் சரியாகிவிட்டது என்று நம்பி மகளை முன் சீட்டில் வைத்து ஓட்டியிருக்கிறேன். பணத்தை விட இதுதான் மன்னிக்க முடியாதது.

இன்னொன்று. அந்த முதல் ஸ்கேன் திரையை அன்றைக்கே போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பியிருந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். அதிலும் இதே சைடு ஏர்பேக் வரிதான். ஓனருக்கு அன்றே தெரியும்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை ஓடவில்லை. அவசரமாக நாலு விஷயம். ஸ்கேன் திரையைப் போட்டோ எடுங்கள், அதில் எழுதியிருப்பதை வேறு ஒருவரிடம் படிக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஓபிடி கருவி (காரில் நாமே மாட்டிப் பார்க்கும் சின்ன ஸ்கேனர்) பெரும்பாலும் என்ஜின் பிழைக் குறியீட்டை மட்டும்தான் காட்டும், அதை நம்பி ஏர்பேக் சரி என்று இருக்காதீர்கள். ஹாரனும் ஸ்டீயரிங் பட்டன்களும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங்கை (ஸ்டீயரிங் திரும்பும்போதும் ஏர்பேக், ஹாரன் தொடர்பு அறாமல் வைக்கும் சுருள் வயர்) முதலில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பாகம் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். பில் வாங்குங்கள், நான் விட்ட தப்பு அது.

"அங்க போய்க் கேளுங்க" என்று அவர் சொன்னதும் பொய் மிரட்டல்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. பில் தராததையும் அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்றே சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு இன்று காலை பேசிவிட்டேன். பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டும் அந்தப் போட்டோவும் இருக்கின்றன. திங்கட்கிழமை புகார் கொடுக்கப் பாலக்காட்டுக்குப் போகிறேன்.

எல்லை தாண்டி இப்படி ஏர்பேக் யூனிட் மாற்றியதாகக் காசு கொடுத்தவர்கள் நம் பக்கத்தில் வேறு யாரும் இருந்தால், தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து அந்த போல்ட்டைப் பாருங்கள். நீங்களாகக் கழற்றாதீர்கள். தூசி கலையாமல் இருந்தால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், என் புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.