ஊஞ்சலுக்கு அரக்கு, கதவுக்கு பி.யூ.: எட்டு மழைக்காலம் கழித்து ஒரு கணக்கு

போன மாதம் மச்சான் ஃபோன் பண்ணினான். புது வீட்டில் மர வேலை முடிந்துவிட்டதாம். தேக்கின் நிறமும் ரேகையும் அப்படியே தெரிய வேண்டும், மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு மட்டும் போதும். "பி.யூ. அடிக்கவா, மெலமைன் அடிக்கவா மாமா?" என்று கேட்டான். பி.யூ. என்றால் பாலியூரிதேன், இரண்டுமே மரத்துக்கு அடிக்கும் செயற்கைப் பூச்சுகள். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசும் ஸ்பிரிட் பாலிஷ் என்று ஒன்று இருப்பது அவன் கணக்கிலேயே இல்லை. கான்ட்ராக்டர் கொடுத்த பட்டியலிலும் இல்லையாம்.

எங்கள் வீட்டில் மூன்றும் இருக்கின்றன. திட்டம் போட்டுச் செய்ததல்ல. 2017-ல் மாயவரத்தில் தாத்தா வீட்டைப் புதுப்பித்தபோது காசும் பொறுமையும் தீர்ந்துகொண்டே வந்த வரிசையில் அப்படி அமைந்துவிட்டது. முதலில் அறைக் கதவுகள் ஐந்துக்கும் பி.யூ. பிறகு சமையலறை அலமாரிக்கு மெலமைன். கையில் ஒன்றும் மிஞ்சாதபோது, கூடத்து ஊஞ்சல் பலகைக்கும் பாட்டியின் பீரோவுக்கும் பழைய பாலிஷ்காரப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு ஸ்பிரிட் பாலிஷ். எட்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இன்றும் பார்க்க நன்றாக இருப்பது கடைசியாகச் செய்த இரண்டும்தான். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும், ஒளிக்கவில்லை.

பளபளப்பு, விலை இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மூன்றிலும் பளபளப்பு வரும். பி.யூ.விலும் மெலமைனிலும் மங்கல், நடுத்தரம், பளீர் என்று கேட்டு வாங்கலாம். பொருளும் கூலியும் சேர்த்தால் பி.யூ.தான் மேலே, மெலமைன் நடுவே. ஸ்பிரிட் பாலிஷில் பொருள் மலிவு, கைவேலைதான் அதிகம். அதை நீங்களே செய்தால் செலவு சொற்பம். உறுதியில் பி.யூ.வுக்கு நிகரில்லை. தண்ணீர், சூடு, எண்ணெய், கீறல் எல்லாவற்றையும் மற்ற இரண்டைவிட நன்றாகத் தாங்கும். இதில் வாதாட ஒன்றுமில்லை.

மெலமைனைப் பற்றி இரண்டு வார்த்தை. அடித்த வாரம் கண் எரிந்தது. அது ஃபார்மல்டிஹைடு வாடை, சில வாரம் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். சீக்கிரம் காயும், வேலை சீக்கிரம் முடியும், அதனால் தச்சர்களுக்குப் பிடிக்கும். நாளாக ஆகப் பழுப்பேறும். தேக்கில் அந்தப் பழுப்பு தெரியாது, வெளிர் மரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வெயில் படும் வெளிக்கதவுக்கு ஆகாது. எங்கள் அலமாரி சுமாராக இருக்கிறது, சிங்குக்குக் கீழே இருக்கும் கதவைத் தவிர. பணத்துக்கு ஏற்ற பொருள் என்பதோடு விடுகிறேன்.

உண்மையான போட்டி பி.யூ.வுக்கும் அரக்குக்கும்தான்.

ஸ்பிரிட் பாலிஷ், பிரெஞ்ச் பாலிஷ், ஷெல்லாக் என்று எப்படிச் சொன்னாலும் உள்ளே இருப்பது அரக்கு. புரசு, இலந்தை, குசும் மரக் கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் ஒரு சின்னப் பூச்சி சுரப்பது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் அதிகம் எடுக்கிறார்கள். கிளையோடு இருப்பதைக் கொம்பரக்கு என்பார்கள். உருக்கித் தகடாக்கி நொறுக்கியதற்கு அவலரக்கு என்று தமிழில் அழகான பெயர் உண்டு, கையில் எடுத்தால் சிவப்பு அவல் மாதிரியே இருக்கும். மாத்திரைகளின் மேல் பூச்சாகவும் இதைப் போடுகிறார்கள். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 முதல் 250 கிராம் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டால் கரைந்துவிடும். இரும்பு டப்பாவில் மட்டும் ஊற வைக்காதீர்கள், கறுத்துப்போகும். கண்ணாடி பாட்டில் நல்லது. கரைத்து ஆறு மாதத்துக்கு மேல் ஆனதை நம்ப வேண்டாம். சந்தேகம் வந்தால் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அரை நாள் கழித்தும் பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

பி.யூ. இதற்கு நேர் எதிர்ப் பிறவி. ஒரு டப்பாவில் பேஸ், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டையும் சேர்த்ததும் வேதிவினை தொடங்கிவிடும். கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் அடித்து முடிக்க வேண்டும், மிச்சத்தை நாளைக்கு என்று மூடி வைக்க முடியாது. காய்ந்ததும் அந்தப் படலம் முழுக்க ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட வலை. ஸ்பிரிட் ஊற்றினாலும் கரையாது, அதனுடைய தின்னரையே ஊற்றினாலும் கரையாது. அதன் பலமே அதுதான். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, ஸ்பிரே அடிக்கும்போது நுரையீரலுக்குக் கெடுதல். வேலை செய்கிறவர் முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு வந்தால் நீங்களாவது சரியான முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள்.

இனி என் கதவுக்கு வருகிறேன், சொல்ல வந்ததே இதைத்தான்.

முதல் நான்கு வருஷம் கதவுகள் ராஜா மாதிரி இருந்தன. ஐந்தாவது வருஷ ஐப்பசியில் பின்கட்டு அறைக் கதவின் அடியில், தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்கு, பால் சிந்தியது மாதிரி வெள்ளைத் திட்டு. நகத்தால் தடவினால் அசைகிறது. படலம் மரத்தை விட்டு எழும்பியிருக்கிறது. மேலே கிழிசல் எதுவும் இல்லை, பிறகு தண்ணீர் எப்படிப் போயிற்று? பெரியவர் வந்து பார்த்தார். கதவைத் தொடவே இல்லை. குனிந்து அடிப்பக்கத்துக்குக் கீழே விரலை விட்டுத் தடவி, "அடியில பூச்சே இல்லையே தம்பி" என்றார். கதவைத் தூக்கி மாட்டிய பிறகு பூச்சு அடித்திருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அடி விளிம்பு பச்சை மரமாகவே நின்றுவிட்டது. மரத்தின் வாய் திறந்திருப்பது அங்கேதான். தினமும் ஈரத் துணியால் தரை துடைக்கத் துடைக்க, மரம் கீழிருந்து உறிஞ்சியிருக்கிறது. உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் படலத்தைத் தள்ளியிருக்கிறது.

இது பி.யூ.வின் குற்றமல்ல, அடித்தவரின் குற்றம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குற்றம் யாருடையதாக இருந்தாலும் சரி செய்ய வேண்டியது நான்தானே. "அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் பார்த்துவிடுங்களேன்" என்றேன். "இது கரையாது தம்பி. உரிக்கத்தான் வேணும். உரிச்ச இடத்துக்கு மட்டும் அடிச்சா கோடு தெரியும். முழுக் கதவையும் இறக்கணும்."

அந்தக் கோட்டைப் பிறகு நானே பார்த்தேன். பிடிவாதமாக, உரித்த இடத்துக்கு மட்டும் அடிக்கச் சொன்னேன். புதுப் படலம் பழையதோடு கலப்பதில்லை, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பழையதை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினால்தான் பிடிப்பே கிடைக்கும். பிடித்த பிறகும் இரண்டும் சேருமிடத்தில், வேட்டியில் ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு விளிம்பு. காலை வெயில் சாய்வாக விழும்போது பளிச்சென்று தெரிகிறது. கீறல் கதையும் அப்படித்தான். பளீர் ரகமாக இருந்தால் லேசான கீறலைத் தேய்த்து மறைக்கலாம். எங்களுடையது மங்கல் ரகம், தேய்த்த இடம் மட்டும் மின்னுகிறது.

கதவு முழுத் தேக்காக இருந்ததால் உரிக்கவாவது முடிந்தது. மச்சான் வீட்டில் பாதிக்கு மேல் பிளைவுட் மேல் விநீர். அதில் மேலே ஒட்டியிருக்கும் நிஜ மரம் அரை மில்லிமீட்டர் அளவுதான். பி.யூ.வைத் தேய்த்து எடுக்கப் போனால் மரமும் சேர்ந்து போய் பிளைவுட் எட்டிப் பார்க்கும்.

ஊஞ்சலுக்கு வாருங்கள். போன ஆடியில் யாரோ காபி டவராவைப் பலகையில் வைத்துவிட்டுப் போனார்கள், வட்டமாக வெள்ளை வளையம். அரக்கின் பலவீனம் இது. தண்ணீர் தேங்கினாலும் சூடு பட்டாலும் வெளுக்கும். சரி செய்ய எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. உள்ளே பஞ்சு வைத்து, நன்றாகத் துவைத்துப் பழசான வேட்டித் துணியால் கட்டிய பொட்டலம். பாலிஷ்காரர்கள் இதை ரப்பர் என்பார்கள். அதில் ஸ்பிரிட்டைத் தொட்டு, உள்ளங்கையில் தட்டிப் பார்த்தால் ஈரம் பட்டும் படாமலும் இருக்க வேண்டும். வளையத்தின் மேல் சர்ரென்று ஒரே வீச்சு, கையை எங்கேயும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் துணி ஒட்டிக்கொண்டு பழைய பாலிஷைப் பிடுங்கிவிடும், என் முதல் முயற்சியின் தழும்பு பீரோவின் பின்பக்கம் இருக்கிறது. நாலைந்து வீச்சில் வெள்ளை கரைந்து மறைந்தது. பிறகு ரப்பரின் முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, கொஞ்சம் பாலிஷ் விட்டு, சிக்குக் கோலம் போடுவது மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். புதிதில் இருக்கும் ஸ்பிரிட் பழைய அரக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. எங்கே ஒட்டினோம் என்று எனக்கே தெரியவில்லை. வேலை முடிந்ததும் ரப்பரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடிவிட்டேன், அடுத்த டவரா வரும்வரை அது காயாது.

பீரோ என் அம்மாவுக்கும் மூத்தது. அதற்கு எத்தனை தடவை பாலிஷ் போட்டிருப்பார்கள் என்று எண்ணவே முடியாது, ஏனென்றால் எல்லாம் சேர்ந்து ஒரே படலமாகத்தான் இருக்கிறது. 2017-ல் பெரியவர் அதை உரிக்கவே இல்லை. அழுக்கைத் துடைத்து, 320 நம்பர் தாளால் லேசாக ஒரு தடவு, மேலே புதுப் பாலிஷ்.

எல்லா இடத்துக்கும் அரக்கு என்று சொல்ல மாட்டேன். சாப்பாட்டு மேசைக்கு வேண்டவே வேண்டாம், அங்கே பி.யூ.தான். குளியலறைக் கதவுக்கும் அப்படியே, அடி விளிம்புக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லி. 2020-ல் வாசல் பக்கம் டீப்பாயின் மேல் சானிடைசர் பாட்டில் வைத்திருந்தோம். ஒவ்வொரு சொட்டும் பாலிஷைக் கரைத்து அம்மைத் தழும்பு மாதிரி ஆக்கிவிட்டது. ஸ்பிரிட்டே ஒரு ஆல்கஹால்தான், அதில் கரைவது ஆல்கஹால் கலந்த எதிலும் கரையும் என்று அப்போது தோன்றவில்லை. சோடா உப்பு, காரமான சோப்புத் தண்ணீரும் ஆகாது. ஆயுத பூஜைக்குத் துடைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் பாலிஷ் போடவும் கூடாது. ஸ்பிரிட் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுக்கும், பனி படிந்த மாதிரி வெண்மை பூக்கும். எங்கள் பக்கம் தை, மாசிதான் தோது. எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகளும் நாயும் இல்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நடைமுறைத் தொல்லை, ஸ்பிரிட் கிடைப்பது. நம் ஊரில் இது பெயின்ட் கடைச் சமாச்சாரம் மட்டுமல்ல, மதுவிலக்குச் சமாச்சாரமும்கூட. டினேச்சர்டு ஸ்பிரிட் (குடிக்க முடியாதபடி ஆக்கிய ஆல்கஹால்), மெத்தில் ஆல்கஹாலோடு பிரெஞ்ச் பாலிஷையும் பெயர் சொல்லிச் சேர்த்து 1959-லேயே விதி போட்டிருக்கிறார்கள். மரத்துக்கு வாங்கியதை யாராவது குடித்துவிடக் கூடாதே என்ற பயம். அதனால் எல்லாக் கடையிலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள், பாலிஷ்காரர் மூலம் வாங்குவது சுலபம். வீட்டில் வைத்தால் பூட்டி வையுங்கள், விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். அரக்கு மாளிகைக் கதை தெரியும்தானே.

தண்ணீரில் கரைக்கும் பி.யூ. பற்றியும் மச்சான் கேட்டான். புத்தக அலமாரி ஒன்றுக்கு மட்டும் அடித்து இரண்டு வருஷம் ஆகிறது. வாடை மிகக் குறைவு, மரம் மஞ்சளாகவில்லை. முதல் பூச்சில் மரத்தின் நார் மீசை மாதிரி நிமிர்ந்து நின்றது, தேய்த்துவிட்டு அடுத்ததை அடித்தேன். இரண்டு வருஷத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று அத்தை கேட்டார். அது எந்தக் காலத்திலும் காயாத எண்ணெய், தூசியைத்தான் சேர்க்கும். ஆளி விதை எண்ணெய் காயும். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட வேண்டும்.

பழைய மரச் சாமான் கையில் இருந்தால், எதையும் முடிவு செய்யும் முன் மறைவான மூலையில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு, உரிக்கும் செலவு மிச்சம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் என்.சி. லாக்கர், அதுவும் அரக்கு மாதிரி புதியதோடு கலக்கும். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் உப்புத்தாள் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். அரக்கின் மேல் பி.யூ. அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் மெழுகு நீக்கிய அரக்கா என்று கேளுங்கள். சாதாரண அவலரக்கில் கொஞ்சம் மெழுகு இருக்கும், அதன் மேல் பி.யூ. சரியாகப் பிடிக்காது.

மச்சானிடம் கடைசியில் சொன்னது: மேசைக்கும் குளியலறைக்கும் பி.யூ., மற்ற உள்மரத்துக்கெல்லாம் அரக்கு. அவன் கான்ட்ராக்டரிடம் கேட்டிருக்கிறான். "அதுக்கெல்லாம் இப்ப ஆள் கிடைக்காது சார்" என்றாராம். அது உண்மைதான். எங்கள் பெரியவருக்கு இப்போது தோள்பட்டை தூக்க முடியவில்லை. தை பிறந்ததும் பின்கட்டுக் கதவை இறக்கி, எட்டு வருஷ பி.யூ.வை நானே சுரண்டப் போகிறேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லித் தருவதாக ஏற்பாடு. கதவைத் தலைகீழாக நிறுத்தி அடி விளிம்பில்தான் தொடங்க வேண்டும் என்று இப்போதே உத்தரவு வந்துவிட்டது.