பைபாஸ் முடிந்து வரும் முதல் இரவுக்கு பிளாஸ்மாலைட்

இதய ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைப் பார்க்கிற ஐ.சி.யூ.வில் நர்ஸ் நான். வெளியே சொந்தக்காரர்கள் "குளுக்கோஸ் ஏத்துறாங்க" என்று பேசிக்கொள்வார்கள். உள்ளே தொங்குவது பெரும்பாலும் குளுக்கோஸ் இல்லை. எங்கள் யூனிட்டில் இரண்டு வருடமாக பிளாஸ்மாலைட்தான் (ரத்தத்தில் உள்ள உப்புகளின் அளவை ஒட்டித் தயாரித்த திரவம்) முதல் பை, எனக்கு அதில் முழுத் திருப்தி.

முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லாருக்கும் நார்மல் சலைன்தான், அதாவது உப்புக் கரைசல். அதில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல், நம் ரத்தத்திலோ 100-ஐ ஒட்டித்தான் இருக்கும். வால்வு மாற்றிய ஒரு பெரியவருக்கு பிரஷர் இறங்க இறங்க சலைனை விட்டுக்கொண்டே இருந்தோம், விடிகாலை ஏ.பி.ஜி. (தமனி ரத்தப் பரிசோதனை) ஸ்லிப்பில் பி.எச். 7.28, அதாவது ரத்தம் அமிலப் பக்கம் போயிருந்தது, குளோரைடு 116, லாக்டேட் மட்டும் ஏறாமல் 1.4. ரத்த ஓட்டம் குறைந்து வந்த அமிலம் என்றால் லாக்டேட் ஏறியிருக்கும். இது நாங்களே ஏற்றிவிட்ட உப்பால் வந்த அமிலம். இன்னும் அந்த ஸ்லிப் கண்ணில் நிற்கிறது.

பிளாஸ்மாலைட்டில் குளோரைடு 98தான், ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட்) திரவத்தில் இருக்கும் லாக்டேட்டுக்குப் பதில் இதில் அசிடேட். ஏற்றும் ரத்தத்தை லைனில் உறையவைக்கக்கூடிய கால்சியம் இல்லை, அதனால் ரத்தம் ஏறுகிற லைனிலேயே விடலாம், ஆர்.எல். என்றால் தனி லைன் தேட வேண்டும். பையும் தானாகச் சுருங்கும், சலைன் பாட்டிலில் குத்துவதுபோல் காற்றுக்கு ஊசி குத்தும் வேலை இல்லை. குறை என்றால் விலைதான். கட்டுப்படியாகாத இடத்தில் நான் ஆர்.எல். கேட்பேன், சலைனுக்குப் போக மாட்டேன்.

அதிசயம் எதுவும் எதிர்பார்க்காதீர்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சுமார் 5,000 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் இதையும் சலைனையும் ஒப்பிட்டு 2022-ல் வந்த ஆய்வில், 90 நாள் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

"காசு போனால் போகட்டும், அல்புமின் போடுங்க சிஸ்டர்" என்று ரத்தப் புரதத் திரவத்தைக் கேட்கிற பிள்ளைகள் உண்டு, அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் ஹெல்சிங்கியில் 1,386 இதய ஆபரேஷன் நோயாளிகளிடம் பார்த்தபோது அல்புமின் பெரிய சிக்கல்களைக் குறைக்கவில்லை, ரத்தக்கசிவு அதிகமானது. ஸ்டார்ச் (மாவுச்சத்திலிருந்து செய்த திரவம்) வேண்டவே வேண்டாம், கிட்னியைக் கெடுக்கும். 2022-ல் ஐரோப்பிய ஒன்றியமே அதன் அனுமதியை நிறுத்திவைத்தது.

அப்புறம், எந்தப் பையானாலும் திறக்கும் முன் நோயாளியின் கால்களைத் தூக்கிப் பார்க்கிறோம், காலில் இருக்கும் ரத்தம் இதயத்துக்கு வந்தால் பலன் தெரிகிறதா என்று. கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கி, கால்பக்கத்தை 45 டிகிரி ஏற்றி ஒரு நிமிடம் மானிட்டரைப் பார்ப்போம். இதயம் வெளித்தள்ளும் அளவு ஏறினால் 250 மி.லி. விடுவோம். ஏறவில்லை என்றால் பை மூடியே இருக்கும், டாக்டரைக் கூப்பிட்டு எக்கோ பார்க்கச் சொல்வோம், ஏனென்றால் நெஞ்சிலிருந்து ரத்தத்தை வெளியே எடுக்கும் குழாய் அடைத்துக்கொண்டு ரத்தம் நெஞ்சுக்குள்ளேயே தேங்கினால் அவரை மறுபடி தியேட்டருக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.