21 நாளைக்கு ஓர் ஊசி: ஈ.எஸ்.ஐ.யா, முதல்வர் காப்பீடா, மருந்து கம்பெனி உதவியா?

திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லரான என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக உள்ள வகை என்பதால் அதற்கான டிராஸ்டுஸுமாப் ஊசி எழுதினார்கள். 21 நாளைக்கு ஒன்று வீதம் ஓராண்டு போட வேண்டும். அந்தச் செலவைச் சமாளிக்க, விசாரித்ததில் மூன்று வழிகள் தெரிந்தன. நாங்கள் ஈ.எஸ்.ஐ.யை, அதாவது சம்பளத்தில் பிடித்தம் செய்யும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டைப் பிடித்துக்கொண்டோம். இன்று யார் கேட்டாலும், தகுதி இருந்தால் அதைத்தான் முதலில் சொல்வேன்.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீடு அனைவருக்கும் தெரிந்ததுதான்: குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய். ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கணவனும் மனைவியும் பனியன் வேலைக்குப் போகிற வீட்டில் அது எளிதில் தாண்டிவிடும். தறி ஓட்டுகிறவர்களுக்கும் தோட்டக் கூலிகளுக்கும் இதுவே நல்ல வழி. உங்கள் மருந்து அதில் அடங்குமா என்பதை மட்டும் மருத்துவமனையின் காப்பீட்டு கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சில குப்பிகளை விலைக்கு வாங்கினால் சிலவற்றை இலவசமாகத் தரும் திட்டங்கள் மருந்து கம்பெனிகளிடம் உண்டு. நாங்கள் விசாரித்ததோடு சரி. அதன் நிறைகுறையைப் பயன்படுத்தியவர்கள்தான் சொல்ல வேண்டும். முதல் குப்பிகளுக்குக் கைக்காசு வேண்டும் என்றதும் மாமா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். அக்கா சம்மதிக்கவில்லை.

எங்களுக்கு முடிவைத் தந்தது ஒரே கேள்வி: கடைசி ஊசி வரை தடைபடாமல் கிடைக்குமா? பாதியில் பணம் தீர்ந்து ஊசி நின்றுபோனால் அதுவரை பட்ட பாடு என்னாவது? ஈ.எஸ்.ஐ.யில் காப்பீடு பெற்றவரின் சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது. இந்த ஊசி இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்க்க வேண்டும். அதுவும் அங்கேயே முடிந்துவிடுகிறது. அக்காவின் மாதச் சம்பளம் 14,000 ரூபாய், பிடித்தம் 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய். அந்த 105 ரூபாய்தான் இன்று குடும்பத்தைத் தாங்குகிறது. புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணப்பயனும் உண்டு: சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை. அதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா கட்டியிருக்க வேண்டும்.

அலைச்சல் உண்டு, மறைக்கவில்லை. கோவை சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் ஒரு கையெழுத்துக்கே அரை நாள் போய்விடும். "தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்து மருந்துக்குச் சொல்லிவிடு கண்ணு" என்றார் ஒரு நர்ஸ். அன்றிலிருந்து அக்காவின் கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு ஊசிக்கும் இரண்டு தேதிகள்: சிவப்பு மையில் ஊசி, நீல மையில் மருந்து கேட்கும் நாள்.

பீஸ் ரேட்டில் தைப்பவர்கள் பலருக்குத் தங்கள் பெயர் ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறதா என்பதே தெரிவதில்லை. 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயம், 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். சம்பளச் சீட்டில் காப்பீட்டு எண் இல்லையென்றால் இந்த வாரமே சூப்பர்வைசரிடம் கேளுங்கள்.